பழைய குடும்ப ஒளிப்படங்களை எண்ணிமப்படுத்தல்

பழைய குடும்ப ஒளிப்படங்களை எண்ணிமப்படுத்தல் என்பது தாள், படச்சுருள், கண்ணாடித் தகடு ஆகியவற்றில் உள்ள ஒளிப்படங்களைக் கணினியில் சேமிக்கத்தக்க படிமக் கோப்புகளாக மாற்றும் பணியாகும். மூலப்படத்தின் தன்மை, அளவு, சிதைவு ஆகியவற்றைப் பொறுத்து இதற்கான முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

பின்னணி

தமிழகத்தில் திருமணம், பூப்புச் சடங்கு போன்ற நிகழ்வுகளையொட்டி ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்வது 20ஆம் நூற்றாண்டில் பரவலான வழக்கமாக இருந்தது. பூச்சடை தெரியுமாறு பின்புறம் கண்ணாடி வைத்து எடுத்த பெண்களின் படங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. நெகடிவ்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவிலேயே இருந்தன. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது பல நெகடிவ்களும் அழிந்தன. எனவே வீட்டுச் சுவரில் தொங்கும் படமே பல குடும்பங்களில் எஞ்சியுள்ள ஒரே படியாகும்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோ ஒளிப்படங்களை எண்ணிமப்படுத்தும் பணியை மேற்கொண்டது. 2004இல் தொடங்கிய அத்திட்டத்தின் விதிப்படி மூல ஆவணங்கள் அவை தோன்றிய நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லப்படுவதில்லை.

சிதைவு

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வறண்ட பகுதிகளில் கோடை வெப்பமும் வடகிழக்குப் பருவமழைக் கால ஈரமும் மாறி மாறித் தாக்குவதால் படத்தின் ஜெலட்டின் படலம் விரிந்து சுருங்கி வெடிக்கிறது. ஈரம் பட்ட படலம் சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அவ்வாறு ஒட்டிய படத்தைப் பிரித்தெடுக்க முயன்றால் முகங்களே உரிந்துவிடக்கூடும். அதனைக் கண்ணாடியுடன் சேர்த்தே படியெடுத்தல் வேண்டும்.

முறைகள்

* தட்டை வருடி (ஸ்கேனர்): வளையாத, தனித்த தாள் படங்களுக்கு ஏற்றது. தாளை உள்ளிழுக்கும் வகை வருடிகள் பழைய படங்களைக் கிழிக்கக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன.
* ஒளிப்படக்கருவி: சட்டகத்தில் ஒட்டிய, வளைந்த, பெரிய படங்களுக்கு ஏற்றது. கருவியைத் தாங்கியில் பொருத்தி, இருபுறமும் சாய்வாக ஒளியமைத்தால் கண்ணாடியில் ஒளி தெறிக்காது.
* படச்சுருள் வருடி: நெகடிவ்களுக்கு உரியது. அச்சிட்ட படத்தைவிட நெகடிவில் நுணுக்கங்கள் மிகுதி.
* கைபேசி: விரைவானது. ஆனால் ஓரங்கள் கோணலாகலாம். வேறு வழியில்லாதபோது பயன்படும்.

துல்லியமும் கோப்பு வடிவமும்

சாதாரணப் படங்களுக்கு அங்குலத்திற்கு 600 புள்ளிகள் போதுமானவை. இத்துல்லியத்தில் 4×6 அங்குலப் படம் 2400×3600 படவணுக்களைத் தரும். 35 மி.மீ. நெகடிவுக்கு 2400 முதல் 4000 புள்ளிகள் தேவைப்படும். மூலக்கோப்பை இழப்பில்லாத டிஃப் வடிவிலும், பகிர்வதற்கான படியை ஜேபெக் வடிவிலும் வைப்பது வழக்கம். கறுப்பு வெள்ளைப் படங்களையும் வண்ண முறையிலேயே வருடினால் கறைகளையும் பழுப்பையும் பின்னர் பிரித்தறிந்து திருத்த இயலும்.

விவரக்குறிப்பும் பேணலும்

படத்தில் உள்ளோரின் பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டு உடனே பதிதல் வேண்டும். படத்தைப் பின்னரும் வருட இயலும். அறிந்தவர் மறைந்தபின் பெயரை மீட்க இயலாது. படத்தின் பின்பக்க எழுத்துகளையும் ஸ்டூடியோ முத்திரையையும் வருடுதல் நன்று. கோப்புகளைக் குறைந்தது மூன்று படிகளாக, அவற்றுள் ஒன்றை வேறோர் ஊரில், வைத்திருப்பது பாதுகாப்பானது. எண்ணிமப்படி மூலப்படத்திற்கு மாற்று ஆகாது என்பதால் மூலப்படங்களையும் அமிலமற்ற தாளுறையில் பேணுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* வருடி
* எண்ணிம நூலகம்