டயாலிசிஸ் நோயாளிகளை வாட்டும் அரிப்பு: அக்குபிரஷர் கைகொடுக்குமா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு ஊசி வலியைவிடப் பெரிய தொல்லை அரிப்புதான். தோலில் தடிப்போ படையோ இருக்காது. ஆனால் முதுகு, கை, கால் என்று அரித்துக்கொண்டே இருக்கும். ராத்திரித் தூக்கமே போய்விடும். இதற்கு அக்குபிரஷர் உதவுமா? செய்து பார்க்கும் முன் எதில் கவனம் தேவை?

அரிப்பு ஏன் வருகிறது?

காரணம் ஒன்றல்ல. ரத்தத்தில் கழிவுகள் தங்குவது, பாஸ்பரஸ் கூடுவது, தோல் வறண்டுபோவது, நரம்புகளில் ஏற்படும் மாற்றம் எனப் பல இருக்கின்றன. அதனால்தான் அலர்ஜி மாத்திரை போட்டும் பலருக்கு அடங்குவதில்லை.

எந்த இடத்தை அழுத்துகிறார்கள்?

சீன மருத்துவத்தில் அரிப்புக்குச் சொல்லப்படும் முக்கியப் புள்ளி 'சூச்சி'. முழங்கையை மடக்கினால் ஒரு மடிப்பு விழும் இல்லையா? அதன் வெளிப்பக்க முனைதான் அது. அங்கே கட்டைவிரலால் சில நிமிடம் மிதமாக அழுத்துவார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தைவானில் 40 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சூச்சி புள்ளியிலும், மற்றவர்களுக்கு 2 செ.மீ. தள்ளியும் ஒரு மாதம் சிகிச்சை தரப்பட்டது. சரியான புள்ளியில் சிகிச்சை பெற்றவர்களுக்கே அரிப்பு அதிகம் குறைந்தது. ஆனால், அங்கே பயன்படுத்தியது ஊசி. விரல் அழுத்தம் அல்ல. அக்குபிரஷர் ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவையே. 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, வலுவான ஆதாரம் இருப்பது காபாபென்டின், பிரீகாபலின் வகை மருந்துகளுக்குத்தான். சிறுநீரக நோயாளிகளுக்கு இவற்றின் டோஸை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போடவே கூடாது.

எங்கே ஜாக்கிரதை?

சூச்சி இருப்பது முழங்கையில். ஃபிஸ்டுலா போடுவதும் கையில்தான். ஃபிஸ்டுலா உள்ள கையில் அக்குபிரஷர் செய்யக் கூடாது. ரத்த ஓட்டம் தடைபட்டு உறைந்துவிட்டால் டயாலிசிஸுக்கான வழியே அடைபடலாம். டயாலிசிஸின்போது ஹெப்பாரின் தருவதால் லேசான அழுத்தத்துக்கே ரத்தம் கன்றிப்போகலாம். சர்க்கரை நோயால் மரத்துப்போன கால், புண் உள்ள இடம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

டயாலிசிஸ் நேரத்தைக் குறைக்காதீர்கள். பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு விடாமல் எடுங்கள். குளித்ததும் ஈரப்பதம் காக்கும் கிரீம் தடவுங்கள். 'இதெல்லாம் சகஜம்' என்று விடாமல் அரிப்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால், மறு கையில் அக்குபிரஷர் செய்து பார்க்கலாம். ஆனால் அது கூடுதல் துணை மட்டுமே. சிகிச்சைக்கு மாற்று அல்ல.