தமிழர் அடுக்களையிற் பீட்ரூட்டு

காஞ்சிமாநகர்க்குத் தெற்கே, உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றின் கரையில் அமைந்துள்ள சிற்றூர் மாகறல். தொண்டைநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் அஃது ஒன்று. திருஞானசம்பந்தர் அருளிய அத்தலத்துப் பதிகம் மூன்றாந் திருமுறையுள் உள்ளது. அவ்வூர்த் தலவரலாறு ஒரு பலாமரத்தைப் பற்றியது. நாளொன்றுக்கு ஒரு கனி ஈந்த அம்மரத்தின் பழத்தைத் தில்லைக்குச் சுமந்து சென்று கூத்தப்பெருமானுக்குப் படைத்தல் வேண்டுமென இராசேந்திர சோழன் ஆணையிட்டான் என்றும், முறைவைத்துச் சுமந்த ஊராரின் துன்பம் பொறாத சிறுவன் ஒருவன் அம்மரத்தைத் தீயிட்டு எரித்தான் என்றும் அது கூறும். இதனை நிகழ்ச்சி வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், உணவுப்பொருள் ஒன்று எங்கு விளைந்தது, எவ்வழியே சுமந்து வரப்பட்டது, எவ்வடிவில் உண்பார் கையை அடைந்தது என்னும் வினாக்கள் உணவு வரலாற்றின் அடிப்படை வினாக்கள் என்பதனை இக்கதை நமக்கு நினைவூட்டுகின்றது.

இவ்வினாக்களைத் தொண்டைநாட்டு அடுக்களையில் இன்று எளிதாகப் பயிலும் அயற்பொருள் ஒன்றன்பாற் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள் பீட்ரூட்டு. ‘உண்டால் இரத்தம் ஊறும்’ என்று தாய்மார் மக்களுக்கு அதனை ஊட்டுவர். இந்நம்பிக்கை எத்துணை உண்மையுடையது என்பதும், அக்கிழங்கு இங்கு வந்த முறைக்கும் இந்நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

மடைப்பள்ளி காட்டும் சான்று

ஒரு நாட்டின் பழைய உணவுப்பொருள்கள் இவை, புதியன இவை என வரையறுக்கக் கல்வெட்டும் இலக்கியமும் உதவுதல் போன்றே கோயில் மடைப்பள்ளியும் உதவும். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலிற் படைக்கப்பெறும் இட்டலி இதற்குத் தக்க சான்று. அரிசியும் உளுந்தும் கூடிய அவ்விட்டலியிற் காரத்திற்கு இடுவன மிளகும் சுக்கும். மணத்திற்கு இடுவது சீரகம். மிளகாய் அதன்கண் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தினின்று போர்த்துக்கீசியர் வழியாகக் கி. பி. 16-ஆம் நூற்றாண்டில் இந்நாடு புகுந்தது. வீட்டு அடுக்களை அதனை விரைந்து ஏற்றுக்கொண்டது. மடைப்பள்ளியோ தன் பழைய வழக்கினின்றும் பிறழவில்லை. எனவே, அவ்விட்டலி மிளகாய்க்கு முற்பட்ட தமிழர் சுவையை இன்றும் காட்டி நிற்கும் ஆவணம் எனலாம்.

பீட்ரூட்டிற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். பழைய முறை வழுவாத மடைப்பள்ளிகளிலும், முன்னோர்க்குச் செய்யும் நீத்தார் கடன் நாள்களிலும், ‘சீமைக் காய்’ என ஒதுக்கப்படும் வரிசையில் முட்டைக்கோசு முதலியவற்றுடன் இதுவும் நிற்கின்றது. இவ்விலக்கு அதன் வரவு அண்மைக்காலத்தது என்பதற்குச் சான்றாகும்.

பெயர் காட்டும் சான்று

இனி, பெயரை நோக்குவாம். தமிழர்க்குக் கிழங்குணவு புதியதன்று. பறம்பு மலையில் உழவர் உழாது விளையும் பயன்கள் நான்கனைக் கூறும் கபிலர், மூங்கில் நெல்லும் பலாப்பழமும் தேனும் கூறியதனோடு வள்ளிக்கிழங்கையும் சேர்த்துரைப்பர் (புறநானூறு 109). பிற்காலத்து அயல்நாட்டினின்று வந்த கிழங்குகளுக்கு இவ்வள்ளியே பெயர் ஈந்தது. சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்பன அவ்வாறு அமைந்தன. உருளைக்கிழங்கு வடிவாற் பெயர் பெற்றது. மிளகாய், மிளகின் காரத்தை ஒத்தமையின் அப்பெயர் எய்தியது. முட்டைக்கோசு என்னும் பெயரில் முற்பகுதி தமிழ். பிற்பகுதி போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு என்பர்.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். முந்தி வந்த பொருள் தமிழ்ப்பெயர் பூண்டது. பிந்தி வந்தது தன் பெயருடனேயே புகுந்தது. பீட்ரூட்டு பிந்திய வகையினது. செங்கிழங்கு, அக்காரக்கிழங்கு என்னும் ஆக்கச்சொற்கள் நூல்வழக்கில் உள்ளன. சந்தை வழக்கில் அவை நிலைபெறவில்லை. மேலும், ‘ரூட்’ என்னும் ஆங்கிலச் சொல் வேரைக் குறிப்பது. ஆகவே அப்பொருளின் ஒரு பகுதியை மட்டுமே சுட்டும் பெயரோடு அது நம்மிடம் வந்தது. இக்குறிப்பைப் பின்னர்ப் பயன்கொள்வாம்.

மலையினின்று இறங்கிய வழி

பீட்ரூட்டின் காட்டு முன்னோர் நடுநிலக்கடல், அத்திலாந்திக்குப் பெருங்கடல் ஆகியவற்றின் கரைகளில் தானே முளைக்கும் பூண்டு. கிரேக்கரும் உரோமரும் அதன் இலையைக் கறியாகவும் வேரைப் பெரும்பான்மை மருந்தாகவும் கொண்டனர். உருண்டு பருத்த செங்கிழங்கு ஐரோப்பாவிற் பரவியது ஏறத்தாழ 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆகும். கி. பி. 1747-இல் செருமானிய வேதிநூலறிஞர் மார்க்கிராபு, இவ்வினக் கிழங்கிலுள்ள சர்க்கரையும் கரும்பிலுள்ள சர்க்கரையும் ஒன்றே என நிறுவினார். அவர் மாணாக்கர் ஆக்கார்டு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் ஆலையை அமைத்தார். நூறாண்டு கழியுமுன் ஐரோப்பியப் பீட்டுச் சர்க்கரை இந்தியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. இந்நாட்டுக் கரும்பு உழவரையும் ஆலையரையும் காத்தற்பொருட்டுக் கி. பி. 1899-இல் அரசு அதன்மேல் தனித்தீர்வை விதிக்க நேர்ந்தது.

காய்கறியாக அது தமிழகம் புகுந்த வாயில் நீலகிரி. கி. பி. 1819-இல் அம்மலைமேற் சென்ற கோயமுத்தூர்க் கலெக்டர் சான் சல்லிவன் ஐரோப்பியக் காய்கறிகளை அங்குப் பயிரிடத் தலைப்பட்டார். உதகையில் வாழ்ந்த வெள்ளையர்க்குக் காய்கறி வழங்குதற்கென எழுந்த தோட்டத்தின் வழியே, கி. பி. 1848-இல் மெக்ஐவர் பொறுப்பில் தாவரவியற் பூங்கா உருப்பெற்றது. கி. பி. 1899-இல் குன்னூர்க்கும், 1908-இல் உதகைக்கும் மலை இருப்புப்பாதை எட்டியது. மலைவிளைபொருள் சமவெளிச் சந்தையை அடைதல் இதனால் எளிதாயிற்று.

ஆயின், எவ்வடிவில் அடைந்தது? இலை ஒருநாட் பொழுதில் வாடும். கிழங்கு பல நாள் கெடாது. ஆகவே நெடுந்தொலைவு செல்லும் சரக்கில் இலையைக் களைந்து கிழங்கை மட்டும் மூட்டையாகக் கட்டுதல் வணிகர்க்கு இயல்பு. காஞ்சிச் சந்தையில் அதனை வாங்கியவர் பெரும்பாலும் கண்டது கிழங்கையே. பெயரும் வேரையே சுட்டியது. இவ்விரண்டும் கூடி அதன் இலையை நம் கண்ணினின்றும் மறைத்தன என்பது எம் கருத்து.

கீரைக் குடும்பம்

மறைந்தது சிறு பகுதி அன்று. தாவரநூலார் இக்காலத்துப் பீட்ரூட்டினையும் நம் முளைக்கீரை, தண்டுக்கீரை, குப்பைக்கீரை ஆகியவற்றையும் ஒரே குடும்பத்துள் அடக்குவர். சக்கரவர்த்திக் கீரையும் உப்பங்கழி ஓரத்து உமரியும் அக்குடும்பத்தனவே. இந்தியச் சந்தைகளில் ‘பாலக்கீரை’ என விற்கப்படுவது பெரும்பாலும் பீட்ரூட்டின் இனமே. கிழங்கு பருக்காது இலை மட்டும் தழைக்கும் வகை. செங்கீரையின் செந்நிறமும் பீட்ரூட்டின் செந்நிறமும் ‘பீட்டலெயின்’ என்னும் ஒரே நிறமி வகுப்பைச் சேர்ந்தவை.

கீரையோ தமிழர்க்கு மிகப் பழையது. வறுமையுற்ற இல்லத்தின் தலைவி, முன்பு கொய்த இடத்தே மீண்டும் தளிர்த்த குப்பைக்கீரையை உப்பின்றி நீரில் வேகவைத்து உண்ட நிலையைப் பெருஞ்சித்திரனார் புறநானூற்றிற் காட்டுவர் (159). ஏழையர் உணவாகக் கருதப்பட்ட கீரையின் உறவே, கடல் கடந்து ஐரோப்பியர் தோட்டத்துட் புகுந்து, விலைகொடுத்து வாங்கும் சீமைக் காயாக நம்மிடம் வந்தது. வந்தபோது தான் கீரை என்னும் அடையாளத்தை இழந்திருந்தது.

செந்நிறமும் குருதியும்

இனி நம்பிக்கையை ஆராய்வாம். செந்நிறம் குருதியின் நிறமாதலின் செங்கிழங்கு குருதி பெருக்கும் என்பது மக்கள் துணிபு. நிறத்தை நம்பி முடிவு செய்தல் எத்துணை வழுவுடைத்து என்பதைக் காஞ்சி நெசவாளர் நன்கறிவர். பட்டின் பழஞ்சிவப்பு அரக்கினாற் பெறப்பட்டது. ‘அரக்கு நிறம்’ என்னும் வழக்கு இன்றும் சேலை வாங்குவார் நாவில் உள்ளது. சோழமண்டலக் கரைப் பருத்தியாடைக்குச் சிவப்பு ஈந்தது சாயவேர். பீட்ரூட்டுச் சாறும் கண்ணுக்கு அவற்றை ஒத்த சிவப்பே. ஆயினும் வெயிலிலும் சலவையிலும் அது நில்லாது. நிறத்தால் ஒத்தன எல்லாம் தன்மையால் ஒத்தன ஆகா.

குருதிச் சிவப்பு இரும்புச் சத்துடைய பொருளால் அமைந்தது. பீட்ரூட்டின் நிறமியில் இரும்பு இல்லை. பச்சைக் கிழங்கு 100 கிராமில் உள்ள இரும்பு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி வளர்ந்த பெண் ஒருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 29 மில்லிகிராம். எனவே 100 கிராம் கிழங்கு அத்தேவையில் முப்பதில் ஒரு பங்கையும் நிரப்பாது. இலையிலோ அதே எடைக்கு ஏறத்தாழ 2.6 மில்லிகிராம் இரும்பு உண்டு. கிழங்கினும் அது மும்மடங்கிற்கு மேல். குருதிக்கென்று கிழங்கை வாங்குவோர் இரும்பு மிக்க பகுதியைக் குப்பையில் இடுகின்றனர்.

இங்ஙனம் கூறுதலால் கிழங்கு பயனற்றது என்பது பொருளன்று. குருதியணுக்கள் தோன்றுதற்கு இரும்பேயன்றி ‘போலேட்டு’ என்னும் உயிர்ச்சத்தும் இன்றியமையாதது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் அது 109 மைக்ரோகிராம் அளவில் உள்ளது. இச்சத்தின் வரலாறும் நீலகிரியோடு தொடர்புடையது. கருவுற்ற பெண்டிரின் சோகையை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் இலூசி வில்சு, 1928 முதல் பம்பாயிலும் பின்னர்க் குன்னூரிலும் சென்னையிலும் பணியாற்றினார். ஈசுட்டுச் சாற்றிலுள்ள ஒரு பொருள் அந்நோயைத் தீர்ப்பதை 1931-இல் அவர் வெளியிட்டார். அப்பொருளே போலேட்டு எனப் பின்னர்த் தெளியப்பட்டது. 1941-இல் அமெரிக்க அறிஞர் அதனைப் பசளையினத்து இலையினின்று பிரித்தெடுத்து, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். குருதிச் சத்தின் பெயரே இலையைச் சுட்டி நிற்றல் ஈண்டு நினையத்தக்கது.

இதனைப் புலவர் ஆராய்ச்சிக்குரிய நுண்பொருள் என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் ஆகாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேர் சோகையுடையர். செங்கிழங்கு உண்டதனாற் போதும் என்று மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை ஒரு பெண் ஒதுக்குவாளாயின், பிழைபட்ட ஒப்புமை ஒன்று அவள் உடலுக்கு ஊறு விளைத்ததாகும்.

கிழங்கிற்கு வேறு பயனும் உண்டு. அதன்கண் மிக்குள்ள நைட்டிரேட்டு உடலில் மாறிக் குருதிக்குழாய்களை நெகிழ்விக்கும். 2008-இல் இலண்டனில் நிகழ்ந்த ஆய்வொன்று, அரை லிட்டர் பீட்ரூட்டுச் சாறு பருகிய நலமுடையோர்க்குச் சில மணி நேரம் குருதி அழுத்தம் ஏறத்தாழ 10 புள்ளி தாழ்ந்தமையைக் காட்டியது. சிலர்க்கு உண்டபின் சிறுநீர் சிவத்தல் நோயன்று. ஆயினும் கிழங்கிலும் இலையிலும் ஆக்சலேட்டு மிகுதி. சிறுநீரகக் கல் உடையார் அளவறிந்து உண்டல் வேண்டும்.

சமையல் வழக்கு

மடைப்பள்ளி விலக்கியதனை வீட்டு அடுக்களை தன் முறைக்குள் அமைத்துக்கொண்டது. கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவிய பொரியல், பாசிப்பருப்புக் கூட்டு, தயிர்ப் பச்சடி, நெய்யில் கிளறிய அல்வா என அது தமிழ்ச் சமையலின் வடிவங்களையே பூண்டது. யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பாலிற் கறியாக்குவர். மலையாள நாட்டு ஓண விருந்தில் அதன் பச்சடி இடம்பெறுகின்றது. பெயர் தமிழாகாவிடினும் பாகம் தமிழாயிற்று.

பாகத்தில் இரண்டு நெறிகள் கொள்ளத்தக்கன. போலேட்டு நீரிற் கரைவது. ஆகவே நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிடின் சத்தும் நிறமும் ஒருங்கே ஒழியும். தோலுடன் முழுதாக வேகவைத்துப் பின் உரித்தல் நன்று. புளிப்பு அந்நிறத்தை நிலைநிறுத்தும். இறக்கியபின் பிழியும் எலுமிச்சைச் சாறு நிறத்தைக் காப்பதோடு இரும்பை உடல் ஏற்கவும் துணைசெய்யும். இலை கிடைப்பின் அதற்குத் தனி முறை வேண்டா. முளைக்கீரை மசியலும் பருப்புக் கூட்டும் ஆக்கும் முறையே போதும். தண்டையும் தண்டுக்கீரை போலப் பொரிக்கலாம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் போந்த முடிபுகள் இவை: பீட்ரூட்டு 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரி வழியே தமிழகம் புகுந்த அயற்பயிர் என்பதற்கு மடைப்பள்ளி விலக்கும் தமிழாகாத பெயரும் துணைச் சான்றுகள். எனினும் இனத்தால் அஃது அயலதன்று. சங்கத் தமிழர் உண்ட கீரையின் உறவே. சந்தை அதனை இலை களைந்த வேராகக் கொணர்ந்தமையாலும், பெயர் வேரையே சுட்டியமையாலும், நிறம் குருதியை ஒத்தமையாலும் நாம் கிழங்கைப் போற்றி இலையை மறந்தோம்.

இன்று நிலை மாறியுள்ளது. சமவெளியிலும் விளையும் வகைகள் வந்துவிட்டமையால், அண்மை நிலத்துக் கிழங்கு இலையோடு சந்தைக்கு வருதல் இயலும். சேயாற்றங்கரை போன்ற கீரை விளையும் நிலங்களில் குளிர்பருவத்தில் இதனைப் பயிரிட்டு இலையையும் கட்டாக விற்பின், உழவர்க்கு ஒரு பயிரில் இரு பயன் உண்டாம். உண்பார்க்கு இழந்த கீரை ஒன்று மீளும்.