எல்லைக்கல்லும் ஓய்வூதியமும்: புதுவைக் கடற்கரையின் ஒரு குடியேற்ற வரலாறு

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் கோட்டக்குப்பத்தையும் முதலியார்சாவடிகளையும் கடந்ததும் அடையும் பொம்மையார்பாளையம், நிர்வாகக் கணக்கில் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்தது; ஆயினும் அதன் தெற்கே புதுச்சேரி நகரமும், வடக்கே புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் துண்டு நிலமான காலாப்பட்டும் அமைந்திருப்பதால், இரண்டு பிரெஞ்சு நிலங்களுக்கு இடையே கிடந்த பிரிட்டிஷ் இந்தியக் கிராமமாகவே அது நெடுங்காலம் வாழ்ந்தது. இத்தகைய எல்லைகள் பொதுவாகச் சுங்கம், கடத்தல், அரசியல் அடைக்கலம் ஆகியவற்றை வைத்தே பேசப்படுகின்றன. முதுமையில் எங்கே வாழ்வது, எந்த நாணயத்தில் வரும் பணத்தைக் கொண்டு வாழ்வது என்பதையும் அதே எல்லைகள் தீர்மானித்தன என்பது குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. செலவு மிகுந்த நாட்டில் உழைத்து, அந்நாட்டு ஓய்வூதியத்தோடு செலவு குறைந்த நாட்டில் குடியமரும் வழக்கம் அண்மைக்காலப் புதுமை போலத் தோன்றினாலும், புதுவைக் கடற்கரையில் அது மூன்று தலைமுறைக்கும் மேற்பட்ட வரலாறு உடையது.

அவ்வரலாற்றின் தொடக்கம் சைகோனில் இருக்கிறது. 1859-இல் சைகோனைக் கைப்பற்றிய பிரான்சு, 1862-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே கொச்சின்சீனம் எனப்பட்ட தென்வியட்நாமில் ஆட்சியை நிறுவியபோது, பிரெஞ்சு மொழியும் அலுவலக நடைமுறையும் அறிந்த கீழ்நிலைப் பணியாளர் அதற்குப் பெருமளவில் தேவைப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் தமிழர்கள் காவலர்களாகவும் எழுத்தர்களாகவும் சிறைக்காவலர்களாகவும் கலங்கரைவிளக்கப் பணியாளர்களாகவும் அங்கே சென்றனர். 1881 செப்டம்பர் 21-ஆம் நாளின் ஆணை இப்பெயர்வுக்குப் புதிய பொருள் தந்தது. இந்து அல்லது இசுலாமிய மரபுச் சட்டத்தின்படி திருமணம், வாரிசுரிமை முதலியவற்றை நடத்தும் உரிமையை எழுத்து மூலம் கைவிட்டு, குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வருவதற்கு அவ்வாணை வழிசெய்தது. இவ்வாறு மாறியவர்கள் ‘ரெனோன்சான்’, அதாவது பழைய சட்டநிலையைத் துறந்தவர்கள், எனப்பட்டனர். ஐரோப்பியருக்கு நிகரான ஊதியமும் உரிமையும் தமக்கும் வேண்டும் என்று சைகோன் அலுவலகங்களில் அவர்கள் வாதாடியபோது இந்த ஆணையே அவர்களுக்கு ஆதாரமாயிற்று. ஊதியம் உயர்ந்தால் அதனடிப்படையில் கணக்கிடப்படும் ஓய்வூதியமும் உயரும் என்பதால், இளமையில் இடப்பட்ட ஒரு கையெழுத்து முதுமையின் வளத்தையும் முடிவு செய்தது.

படைப்பணியே இவ்வழக்கத்தைப் பரவலாக்கியது. முதல் உலகப் போரிலிருந்து இந்தோசீனப் போர் (1946–1954), அல்ஜீரியப் போர் (1954–1962) வரை பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுவைத் தமிழர்களை ஊரார் ‘சொல்தா’ என்று அழைத்தனர். படைவீரர் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் வடிவம் இது. அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட வீரர் 15 ஆண்டுச் சேவையை நிறைவு செய்தால், பணிக்காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஓய்வூதியம் பெறும் உரிமை பிரெஞ்சுப் படைச் சட்டத்தில் இருந்தது. இருபது வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்து வயதிலேயே ஓய்வூதியராகத் திரும்பலாம் என்பது இதன் பொருள். பிரான்சில் அந்த வயதில் அத்தொகையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம்; அங்கே ஓய்வுபெற்ற வீரர் இரண்டாவது வேலை ஒன்றைத் தேடியாக வேண்டும். புதுச்சேரியிலோ அதே தொகை வீடு கட்டவும், பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கவைக்கவும், உறவினருக்கு உதவவும் போதுமானதாக இருந்தது. ஆகவே ஊர் திரும்புவதற்குப் பிறந்த மண்ணின் ஈர்ப்போடு, நன்கு கணக்கிடப்பட்ட பொருளியல் காரணமும் துணைநின்றது.

1954-க்குப் பின் இந்தக் கணக்கில் குடியுரிமை முதன்மை இடம் பெற்றது. கீழூரில் அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்பை ஆதரித்து வாக்களித்ததைத் தொடர்ந்து, நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி நடைமுறையில் இந்தியாவுக்கு மாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் குடியுரிமைப் பிரிவுகளின்படி, இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. மாறாக, இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள், தாமாக விரும்பி இந்தியக் குடியுரிமையைத் தேர்ந்தால் ஒழிய, பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தனர். அந்நாளில் சைகோனிலோ பிரான்சிலோ பணியிலிருந்தவருக்குக் குடியுரிமை தானாகத் தொடர்ந்தது. ஊரில் இருந்தவர் தாமே முயன்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 5000 பேர் அவ்வாறு அறிவித்தனர். தயங்கியவர்களும் செய்தி அறியாதவர்களும் இந்தியக் குடிமக்கள் ஆயினர். ஒரே குடும்பத்தின் உடன்பிறந்தோர் இருவேறு நாட்டினரானதும் இவ்வாறு நிகழ்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் நாணய மதிப்பு அப்பிளவை ஆழமாக்கியது. 1966 ஜூன் 6-ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, அதுவரை டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் 7.50 ரூபாய் ஆயிற்று. அயல்நாட்டு நாணயத்தில் வரவு உடையவர் எவ்வித முயற்சியுமின்றி ஒரே நாளில் ரூபாய்க் கணக்கில் வளம் பெற்றார். ரூபாயில் ஊதியம் பெற்ற அண்டை வீட்டுக்காரரோ விலையேற்றத்தை மட்டுமே கண்டார். 1991 ஜூலையில் நடந்த மதிப்புக் குறைப்பும், பிராங்கின் இடத்தில் யூரோ வந்த பின்னரும் தொடர்ந்த ரூபாயின் நெடுங்காலச் சரிவும் இதையே மீண்டும் மீண்டும் செய்தன. ஓய்வூதியர் இறந்த பின் அவர் மனைவிக்கு அதில் பாதித் தொகை தொடர்ந்து வழங்கப்பட்டதால், அந்த வேறுபாடு ஒரு மனிதரின் வாழ்நாளோடு முடியாமல், குடும்பத்தின் திருமணப் பேச்சுகளையும் சொத்து முடிவுகளையும் பிள்ளைகளின் வேலைத் திட்டங்களையும் வடிவமைக்கும் ஆற்றலாக வளர்ந்தது.

ஓய்வூதியம் என்பது ஆற்றிய சேவைக்கான கடனா, வாழும் இடத்தின் செலவுக்கேற்ற உதவியா என்னும் வினா பிரெஞ்சுச் சட்டத்தையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அலைக்கழித்தது. 1959 டிசம்பர் 26-ஆம் நாளின் நிதிச் சட்டம் தன் 71-ஆம் பிரிவில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகிய நாடுகளின் குடியுரிமை பெற்ற முன்னாள் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் உரிய ஓய்வூதியத்தை, விலையேற்றத்துக்கு ஏற்ப உயராத நிலைத்த தொகையாக உறையவைத்தது. ஒரே படைப்பிரிவில் ஒரே காலம் பணியாற்றிய இருவருள் பிரெஞ்சுக் குடிமகனின் தொகை ஆண்டுதோறும் வளர, மற்றவரின் தொகை தேங்கி நின்றது. செனகல் நாட்டு முன்னாள் படைவீரர் அமடு டியோப்பின் வழக்கில் 2001 நவம்பர் 30-ஆம் நாள் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இதனைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், வசிக்கும் நாட்டின் வாங்கும் ஆற்றலை, அதாவது ஒரு தொகையைக் கொண்டு அந்நாட்டில் வாங்கக்கூடிய பொருள்களின் அளவை, அடிப்படையாக்கித் தொகையை அளந்தது. ஆனால் அந்த அளவுகோல் பிரெஞ்சுக் குடிமக்கள்மீது பாயவில்லை. 2010 மே 28-ஆம் நாள் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம், வசிக்கும் இடத்தின் செலவைக் கருதி வேறுபாடு காட்டலாம் என்றும், ஒரே நாட்டில் வாழும் இரண்டு ஓய்வூதியரிடையே குடியுரிமையை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. பிரிட்டிஷ் அரசின் முதியோர் ஓய்வூதியமோ, இந்தியாவில் குடியேறுவோருக்கு ஆண்டு உயர்வின்றி உறைந்த தொகையாகவே இன்றும் வழங்கப்படுகிறது. செலவு குறைந்த ஊரைத் தேடிச் செல்பவர் அங்காடி விலைகளோடு இத்தகைய சட்ட வரிகளையும் ஆராய வேண்டும் என்பதற்கு இவை சான்று.

பொம்மையார்பாளையம் இவ்வரலாற்றில் நில வழியாக இடம்பெறுகிறது. புதுச்சேரிப் பகுதி 293 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புடையது. அதுவும் தமிழ்நாட்டு நிலத்தோடு பின்னிக் கிடக்கும் துண்டுகளாக அமைந்தது. நகரில் மனை விலை உயர உயர, குடியிருப்பு எல்லையைத் தாண்டி வானூர் வட்டத்துக்குள் பெருகியது. 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பட்ட ஆரோவில், செம்மண் மேட்டிலும் அதையடுத்த கடற்கரையிலும் பல நாட்டினரைக் குடியமர்த்தியது. அதன் நோக்கம் ஓய்வுக்காலக் குடியிருப்பு அன்று, எனினும் இவ்வட்டாரத்து முந்திரித் தோப்புகளையும் சவுக்குத் தோப்புகளையும் உலகம் அறியச் செய்தது அதுவே. 1998-இல் திறக்கப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னையை நெருக்கமாக்கியபின், சென்னையில் பணி முடித்தவர்களும் பிரான்சிலிருந்து திரும்பியவர்களும் ஒரே மனைகளை நாடும் நிலை உருவாயிற்று.

இவ்வாறு திரும்பியவர்களுக்கென இந்தியச் சட்டமும் ஒரு வாயிலைத் திறந்தது. அயல்நாட்டுக் குடியுரிமை உடைய இந்திய வம்சாவளியினருக்கு வாழ்நாள் நுழைவுரிமை தரும் ஓ.சி.ஐ. அட்டைக்குத் தகுதி உடையோரின் பட்டியலில், 1947 ஆகஸ்ட் 15-க்குப் பின் இந்தியாவோடு இணைந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களும் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளனர்; புதுவையின் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு இச்சொற்றொடர் நேராகப் பொருந்துகிறது. அந்த அட்டையால் வீடும் மனையும் வாங்கலாம். விளைநிலமும் பண்ணை வீடும் வாங்க இயலாது. எனவே தோப்பு முதலில் மனைப்பிரிவாக மாறிய பிறகே அயல்நாட்டு ஓய்வூதியம் அங்கே நுழைய முடிகிறது. கரையோரத்திலோ, 1991-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை ஊரகக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டடங்களைப் பொதுவாகத் தடைசெய்தது. அந்தத் தடையின் தேவையைக் கடலே உணர்த்தியது. தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுசெல்லும் நீரோட்டத்தை, 1980-களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்ததால், வடக்கேயுள்ள நகரக் கரையும் அதையடுத்துப் பொம்மையார்பாளையம் வரையிலான மீனவர் கரைகளும் அரிப்புக்கு ஆளாயின. கடலைப் பார்த்த வீடு என்று விளம்பரப்படுத்தப்படும் முதலீட்டை அந்த அரிப்பு விட்டுவைப்பதில்லை.

குடியேறுவோர் வரும்முன் இந்த ஊர் வெற்றிடமாகக் கிடக்கவில்லை. மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் வீரசைவத் திருமடமான பொம்மபுர ஆதீனத்தின் பெயர் இவ்வூரோடு பிணைந்தது. அம்மடத்தின் குருவான சிவஞான பாலைய சுவாமிகளைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் கலம்பகம் உள்ளிட்ட சிற்றிலக்கியங்களை இயற்றியுள்ளார். கடலில் உழைத்தவர்களும் செம்மண்ணில் உழைத்தவர்களும் முதுமையடைந்த அவ்வூரில், பிள்ளைகளின் உழைப்பைத் தவிர அவர்களுக்கு வேறு ஓய்வூதியம் இருந்ததில்லை. தமிழ்நாடு அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962-இல், அதாவது ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில்தான், ஆதரவற்ற முதியோருக்காகத் தொடங்கிற்று. 2023-இல் உயர்த்தப்பட்ட பின் அத்தொகை மாதம் 1200 ரூபாய்.

இவ்விரு ஓய்வூதியங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் செலவு குறைந்த ஊர் என்னும் கருத்தின் முழுப் பொருள் விளங்குகிறது. ஓர் ஊரில் வாழ்க்கைச் செலவு குறைவாக இருப்பதற்கு முதன்மையான காரணம், அங்கே வீடு கட்டுபவரும் மீன் விற்பவரும் வீட்டு வேலை செய்பவரும் குறைந்த வரவில் வாழ்வதே. வெளியிலிருந்து வரும் ஓய்வூதியம் அவர்களுக்கு வேலையும் வாடிக்கையும் தருகிறது என்பது உண்மை. அதே வேளையில், அவர்களுடைய பிள்ளைகள் சொந்த ஊரில் மனை வாங்க இயலாத அளவுக்கு நில விலையை உயர்த்துகிறது என்பதும் உண்மை. சொல்தாக்களின் வரலாற்றில் நீதி என்பது, ஒரே சேவைக்கு இருவேறு முதுமை விதிக்கப்படக் கூடாது என்ற கோரிக்கையாக எழுந்து, நீண்ட போராட்டத்துக்குப் பின் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டது. உழைத்து ஓய்ந்தவர்கள் தமக்கு ஏற்ற ஊரைத் தேடிக்கொள்வது அவர்களின் நியாயமான உரிமை. அவ்வுரிமை நிலைக்க வேண்டுமானால், கரையோரத் தடைகளை மதிப்பதும், உள்ளூர்க் குடும்பங்களுக்குக் குடியிருப்பு நிலத்தை ஒதுக்கிக் காப்பதும், 1200 ரூபாயில் வாழும் முதியவரின் தொகையை வாழத்தக்க அளவுக்கு உயர்த்துவதும் அதனோடு சேர்ந்தே நடைபெற வேண்டும். பிரெஞ்சுப் படைவீரருக்காக எழுப்பப்பட்ட சமநீதிக் கோரிக்கை, அவர் குடியேறிய ஊரின் மீனவ முதியவருக்கும் நீளும்போதே நிறைவு பெறும்.