பணி முடிவுக் கட்டுப்பாடு (தரவு ஒருங்கிணைப்பு)

பல இடங்களிலிருந்து தரவைத் திரட்டிச் சேர்க்கும் பணியோட்டத்தில் ஒரு பணியை எப்போது வெற்றி என்றும் எப்போது தோல்வி என்றும் அறிவிப்பது, அந்த அறிவிப்பைக் கொண்டு அடுத்த பணிகளை ஓட்டுவதா நிறுத்துவதா என்று முன்கூட்டியே வகுத்துவைப்பது பணி முடிவுக் கட்டுப்பாடு. மைக்ரோசாப்ட் 2005-இல் தன் பழைய கருவியான டிடிஎஸ்-க்கு மாற்றாகக் கொண்டுவந்த எஸ்எஸ்ஐஎஸ் என்ற தரவு ஒருங்கிணைப்புக் கருவி இதற்கெனப் பல அமைப்புகளைத் தருகிறது.

தமிழ்நாட்டின் சங்கரன்கோவில் வட்டம் இதற்கு நல்ல சோதனைக்களம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். பழைய அட்டவணையை இன்றைய பட்டியலோடு மாவட்டம், வட்டம் இரண்டையும் வைத்துப் பொருத்தினால் சங்கரன்கோவிலுக்கு இணை கிடைக்காது. எஸ்எஸ்ஐஎஸ்ஸில் இணை வரியைத் தேடும் 'லுக்அப்' பகுதி, நாம் எதையும் மாற்றாதவரை, இதைத் தோல்வியாகவே கொள்ளும். ஒரே வரியால் முழு ஏற்றமும் நின்றுவிடும். பிழையைப் புறக்கணிக்கச் சொன்னால் ஓட்டம் பச்சை நிறத்தில், அதாவது வெற்றியாக, முடியும், ஆனால் மாவட்டக் குறியீடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பொருந்தாத வரிகளைத் தனி அட்டவணைக்குத் திருப்பிவிடுவதே உருப்படியான வழி.

வட்டத்தின் பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது இன்னும் ஆபத்து. சங்கரன்கோவிலுக்கு இணை கிடைத்துவிடும். ஆனால் திருவேங்கடம் வட்டம் அதிலிருந்து பிரிந்தது 2011-க்குப் பிறகுதான் என்பதால், பழைய பரப்பின் மக்கள்தொகை இன்றைய சிறிய வட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இங்கே தோல்வியை நாமே உண்டாக்க வேண்டும். தென்காசி மாவட்டம் உருவானபோது அதில் 8 வட்டங்கள். 2011 பட்டியலில் கடையநல்லூரும் திருவேங்கடமும் இல்லாததால் 6 மட்டுமே பொருந்தும். பொருந்தியவற்றின் எண்ணிக்கை 8-க்குக் குறைந்தால் 'தோல்வி' என்று திருப்பியனுப்பும் ஸ்கிரிப்ட் பணி ஒன்றை வைத்தால் போதும்.

எஸ்எஸ்ஐஎஸ்ஸில் பணிகளை இணைக்கும் அம்புக்குறிகளில் பச்சை வெற்றிக்கு, சிவப்பு தோல்விக்கு. எப்படி முடிந்தாலும் தொடர்க என்பதற்கு மூன்றாவது உண்டு. 'மேக்சிமம் எரர் கவுண்ட்' எத்தனை பிழை சேர்ந்தால் தோல்வி என்பதைக் குறிக்கும். இயல்பான அளவு 1. 'ஃபோர்ஸ் எக்ஸிக்யூஷன் ரிசல்ட்' உண்மை முடிவு எதுவானாலும் நாம் சொல்லும் முடிவை அறிவிக்கவைக்கும். புதியவர்கள் இடறும் இடம் இது. பணியை வெற்றி என்று அறிவித்தாலும் அதன் பிழை நிகழ்வு மேலே ஏறி, அந்தப் பணியை உள்ளடக்கிய தாய்த் தொகுப்பின் பிழை எண்ணிக்கையில் சேரும். பச்சைப் பணியைச் சுமந்தபடியே தொகுப்பு சிவப்பாகும். அந்தப் பணியின் பிழை நிகழ்வுக் கையாளியில் 'ப்ராபகேட்' மாறியைப் பொய் என்று வைத்தால் இது நிற்கும்.

2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கிய ஏர்ஃப்ளோ என்ற பணியோட்டக் கருவியில் சிக்கல் தலைகீழானது. அது கடைசிப் பணிகளின் முடிவைத்தான் முழு ஓட்டத்தின் முடிவாகக் கொள்கிறது. தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் துப்புரவுப் பணி எது நடந்தாலும் ஓடும்படி கடைசியில் இருந்தால், நடுவில் ஏற்றம் தோற்றும் மொத்தமும் வெற்றி என்று பதிவாகும். அதனால் ஏர்ஃப்ளோ ஆவணங்கள் 'வாட்சர்' என்ற காவல் பணி ஒன்றை எல்லாப் பணிகளுக்கும் கீழே இணைக்கச் சொல்கின்றன. அவற்றில் எது தோற்றாலும் அதுவும் தோற்று, ஓட்டத்தைத் தோல்வியாகப் பதியவைக்கும்.