விலாச் சட்டம் நீங்கிய ஓடம்

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் மரம் வளர்வதில்லை. கடல் கொணர்ந்து ஒதுக்கும் கட்டைகளே அங்கு வாழும் இன்யூட் மக்களுக்குக் கிடைத்த மரம். அவற்றைச் செதுக்கிச் சட்டமாகப் பிணைத்து, சீல் என்னும் கடல்விலங்கின் தோலை ஈரமாகவே இழுத்துத் தைத்து, அவர்கள் செய்துகொண்ட ஒடுங்கிய வேட்டை ஓடமே கயாக். ஒருவர் அமரும் துவாரம் தவிர மேற்புறம் முழுவதும் மூடியிருக்கும். கேரளத்தில் வாழும் நேயர்கள் வள்ளத்தை அறிவர். வங்கத்தில் வாழ்வோர் நௌகாவை அறிவர். மூடிய இவ்வோடத்துக்கு அச்சொற்கள் பொருந்தா. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் கயாக் என்றே எழுதிவிடுகிறேன். இதில் எலும்பு வேறு, தோல் வேறு. எலும்பு உருவத்தைத் தந்தது, தோல் நீரைத் தடுத்தது.

மரம் மலிந்த தென் கனடாவில் கதை வேறு. ஒன்டாரியோ மாகாணத்துப் பீட்டர்பரோ வட்டாரத் தச்சர்கள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செடார் மரத்தை மெல்லிய பட்டிகளாக அறுத்து, அருகருகே சேர்த்து, கனூ என்னும் திறந்த ஓடங்களைச் செய்தனர். மரம் நார் ஓடும் திசையில் உறுதியுடையது; நாரின் போக்கில் எளிதில் பிளந்துவிடும். ஆகவே நீராவியில் வளைத்த விலாச் சட்டங்களை உள்ளே நெருக்கமாக வைத்துச் சிற்றாணிகளால் இறுக்க நேர்ந்தது. அழகிய வேலைதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் பழகிய கைக்கே வசப்படும்.

1930களில் அமெரிக்காவில், உருக்கிய கண்ணாடியை மயிரினும் நுண்ணிய இழையாக இழுக்கும் முறை கைகூடியது. அவ்விழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் படகு செய்வது 1940களில் தொடங்கிற்று. பின்னர் மின்னசோட்டா மாநிலத்துக் கனூப் பந்தயக்காரர்கள் செடார்ப் பட்டிகளின் உள்ளும் புறமும் இத்துணியைப் போர்த்தி, விலாச் சட்டங்களை அடியோடு நீக்கினர்.

இத்துணியை நீர் புகாமல் காக்கும் பூச்சு என்றே பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. கால் அங்குலக் கனமுள்ள மரத்தின் இருபுறமும் ஒட்டிய துணிகள், இரும்பு உத்திரத்தின் மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் போல் வேலை செய்கின்றன. மரம் அவ்விரண்டையும் விலக்கி நிறுத்துகிறது. வெளியிலிருந்து பாறை மோதும்போது மரம் உள்நோக்கி வளைகிறது. அப்போது இழுபடுவது உட்புறம். அதைத் தாங்குவது உட்துணி. கண்ணுக்குத் தெரியாத இடந்தானே என்று, வீட்டில் ஓடம் செய்பவர் உட்துணியை விட்டுவிட்டால், மரம் நாரோடு பிளக்கக்கூடும். கரைக்குத் தொலைவில், குளிர்ந்த நீரில் இருப்பவருக்கு அது உயிர் போகும் செய்தி.

முதலில் பயன்பட்ட பாலியெஸ்டர் பிசின் மரத்தை நன்கு பற்றவில்லை. எபாக்ஸி பிசின் அக்குறையைத் தீர்த்தது. 1969இல் மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டியில் பட்டறை தொடங்கிய கூஜன் சகோதரர்கள் இதனை மரப்படகுகளுக்குப் பழக்கப்படுத்தினர். டெட் மூர்ஸும் மெரிலின் மோரும் 1983இல் வெளியிட்ட ‘கனூகிராஃப்ட்’ என்ற நூல் தச்சரல்லாதாரின் கையிலும் உளியைக் கொடுத்தது. கயாக் செய்வோரும் அம்முறையையே மேற்கொண்டனர்.

வெண்ணிறத் துணி பிசினில் நனைந்ததும் கண்ணுக்கு மறைந்து, செடாரின் செந்நிறம் வெளிப்படும். காலையில் பூசினால், ஏறும் வெப்பத்தில் மரத்துள் அடங்கிய காற்று விரிந்து குமிழியிடும். வெப்பம் தணியும் மாலையே ஏற்றது. வெயில் எபாக்ஸியைக் கெடுக்குமாதலால் அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷும் வேண்டும். இன்யூட் வேட்டைக்காரர் தம் ஓடத்தின் தோலுக்குக் கொழுப்பு தடவி வந்தது போல, இவ்வார்னிஷையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.