வாசகரைத் தேடிப் போனவர்கள்

சம்பளத்துக்கும் அல்லாமல், ஒரு பத்திரிகை நிறுவனத்தின் நிழலிலும் அல்லாமல், தனித்து நின்று எழுதுகிற தமிழ் எழுத்தாளருக்கு வாசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ரொறன்ரோவில் நாம் கூடிப் பேசுகிற இலக்கியச் சந்திப்புகள் தோறும் இந்தக் கேள்வி எழுகிறது. பெரும்பாலும் ஒரு புலம்பலோடு முடிந்தும் விடுகிறது. எம்மவர் வாசிப்பதில்லை, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு வேலை செய்கிறவனுக்கு நேரம் ஏது என்று சொல்லிக் கலைந்து போகிறோம். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், எமக்கு முன் எழுதியவர்களுக்கும் வாசகர்கள் வரிசையில் காத்துநிற்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது புலம்புவதைவிடப் பயன்தரும்.

1908 இல் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்த பாரதியை, புலம்பெயர்ந்து எழுதியவர்களில் மூத்தவர் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம். அவருடைய 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. வாசகர்களோ எல்லைக்கு அப்பால், பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட தமிழகத்தில் இருந்தார்கள். பத்திரிகை உள்ளே வருவதை அரசு தடுத்தது. 1910 இல் 'இந்தியா' நின்றுபோயிற்று. எழுதுகிற கை ஓயவில்லை. வாசிக்கிற கண்ணும் சலிக்கவில்லை. இரண்டுக்கும் இடையிலிருந்த பாதைதான் அடைபட்டது.

பத்து வருடங்களின் பின், 1920 இல், அதே பாரதி கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது திட்டம். மொத்தம் நான்கு இலட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் அவை விற்றுத் தீரும் என்று நம்பி, அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டார். பணம் சேரவில்லை. 1921 செப்டெம்பரில் அவர் இறந்தார். மகாகவியின் கனவைக் குறை சொல்ல எமக்கு வாய் வராது. எனினும் ஒன்று தெரிகிறது. ஜனத்தொகையைக் கொண்டு வாசகர் தொகையைக் கணக்கிட முடியாது. 'இத்தனை ஆயிரம் தமிழர் இருக்கிற ஊரில் நூறில் ஒருவர் வாங்கினாலும் போதுமே' என்று இன்றைக்கும் நாம் போடுகிற கணக்கு இதே கணக்குத்தான்.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' சஞ்சிகையைத் தொடங்கியபோது பெருங்கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. தேர்ந்த சிலரைத்தான் தேடினார். புத்தகங்களைப் பையில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வந்தது. விற்பனைக் கணக்கில் அது தோல்விதான். ஆனால் அதை வாசித்தவர்களிலிருந்து ஒரு தலைமுறைக் கவிஞர்களும் விமர்சகர்களும் எழுந்தார்கள். தமிழில் புதுக்கவிதை வேர்விட்டது அந்தச் சிறு வட்டத்துக்குள்தான்.

எங்களூர் உதாரணம் டொமினிக் ஜீவா. சலூன் தொழிலாளியாக இருந்து எழுத வந்தவர். 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யை ஆரம்பித்தார். அதைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு வீதிவீதியாக நடந்து விற்றார். வாங்குகிறவரோடு நின்று கதைப்பார். 'தூண்டில்' என்ற கேள்வி பதில் பகுதியில் வாசகருக்கு விடை சொல்லுவார். தன் கேள்வியையும் பெயரையும் அச்சில் கண்டவர் அடுத்த இதழைத் தேடாமல் விடுவாரா? அட்டையில் எழுத்தாளர்களின் படங்களைப் போட்டார். சினிமா நடிகர்களுக்கு மட்டுமே கிடைத்த அந்த இடத்தில் தமக்குத் தெரிந்த ஊர் எழுத்தாளரைக் கண்டது வாசகருக்குப் புதினமாக இருந்தது. யுத்தத்துக்குள்ளும் நின்று, பிறகு கொழும்புக்கு இடம்பெயர்ந்தும், 'மல்லிகை' நானூறு இதழ்களைத் தொட்டது. பெரும் முதலாளி எவரும் இதன் பின்னால் இல்லை. முகம் தெரிந்த வாசகர்கள்தான் இருந்தார்கள்.

1983 இன் பின் இங்கு வந்து சேர்ந்த நாம், எழுத்தை விட்டுவிட்டு வரவில்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோவிலிருந்து 'தேடல்', 'நான்காவது பரிமாணம்', 'ழகரம்' என்று சஞ்சிகைகள் வந்தன, நின்றன. செல்வம் அருளானந்தம் 1990 இல் தொடங்கிய 'காலம்' நிலைத்தது. இதே காலத்தில்தான் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவச வாரப் பத்திரிகைகள் அடுக்கப்பட்டன. வீடு விற்பவரும் வழக்கறிஞரும் நகைக்கடைக்காரரும் கொடுத்த விளம்பரங்களில் அவை ஓடின. மீன் வாங்கப் போனவர் பத்திரிகையையும் அள்ளிக்கொண்டு வந்தார். பிரதிகள் ஆயிரக்கணக்கில் போயின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காசு கொடுப்பவர் விளம்பரகாரர் என்றானபோது, எழுதுபவர் வாசகருக்குப் பதில் சொல்லவேண்டிய தேவை போய்விட்டது. தமிழ் எழுத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்ற பழக்கமும் ஊறிவிட்டது.

கடை வாசல் என்பது ஒரு படலை. அதைத் திறப்பதும் பூட்டுவதும் எழுத்தாளர் கையில் இல்லை. விடுதலைப் புலிகளைப் பற்றி விமர்சனமாகவும் எழுதிவந்த பத்திரிகையாளர் டி.பி.எஸ். ஜெயராஜ் 1993 பெப்ரவரியில் ரொறன்ரோவில் தாக்கப்பட்டுக் கால் முறிந்தார். பின்னர் அவர் நடத்திய வார இதழை வைத்திருக்கக் கடைகளும், விளம்பரம் கொடுக்க வர்த்தகர்களும் அஞ்சும் நிலை உண்டாக்கப்பட்டது. 1996 இல் இதழ் நின்றது. அரசியலில் அவரோடு உடன்படாதவர்களும் இதை யோசிக்கவேண்டும். 1910 இல் புதுச்சேரி எல்லையில் ஒரு அரசாங்கம் செய்ததை, இங்கு எமது கடைத்தெருவிலேயே செய்துமுடித்தோம். வாசகரின் வீட்டு விலாசம் கையில் இல்லாத பத்திரிகைக்குக் கடை வாசல் அடைபட்டால் வேறு வழி இல்லை.

இன்று எம்மிடம் நிலைத்துவிட்ட இன்னொரு வழக்கம் நூல் வெளியீட்டு விழா. முதற்பிரதி, சிறப்புப்பிரதி என்று பெயர் கூப்பிட, உறவினரும் ஊரவரும் மேடைக்கு வந்து கடித உறையில் காசு வைத்துப் புத்தகத்தைப் பெற்றுக்கொள்வார்கள். அச்சுச் செலவு தேறிவிடும். இந்த அன்பை நாம் இளப்பமாகப் பேசவில்லை. மொய் கொடுத்து வளர்ந்த சமூகம் தன் எழுத்தாளரையும் அப்படித்தான் தாங்குகிறது. ஆனால் மொய் எழுதியவர் வாசகர் அல்லர். புத்தகம் வீட்டு அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. எழுத்தாளரும் கடமை முடிந்தது என்று அடுத்த நூலுக்குப் போய்விடுகிறார்.

வரலாறு எமக்குச் சொல்வது சிக்கலானதல்ல. வாசகர் ஒவ்வொருவராகத்தான் சேர்கிறார். அவருடைய விலாசம் எம்மிடம் இருக்கவேண்டும். சொன்ன மாதத்தில் இதழ் அவர் கைக்குப் போகவேண்டும். அவர் எழுதும் கடிதத்தை, கண்டனமாயினும், அச்சிடவேண்டும். சிறிதாயினும் அவர் ஒரு விலை கொடுக்கவேண்டும். கொடுத்தால்தான் கேள்வி கேட்பார். எமது பொது நூலகக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. புதியவற்றையும் அங்கு சேர்ப்பிக்கவேண்டும், நாம் அறியாத வாசகர் அங்குதான் வருவார். ஜீவாவைப்போல் வீதியில் நடக்க இந்த ஊர்ப் பனி விடாது. ஆனால், விழாவில் உறை தந்தவருக்கு ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி எடுத்து, 'வாசித்தீர்களா, எந்த இடம் பிடிக்கவில்லை?' என்று கேட்க எந்தப் பனியும் தடையில்லை. நூறு பேரில் பத்துப்பேர் வாசித்திருப்பார்கள். அந்தப் பத்துப்பேரின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்வோம்.