குருதியும் உடன்படிக்கையும்

உடன்படிக்கை செய்தலைக் குறிக்கும் எபிரேயத் தொடர் அதனை 'வெட்டுதல்' என்னும் பொருளுடையது. இவ்வழக்கின் வேர் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் புலனாகின்றது. ஆபிராம் விலங்குகளைப் பிளந்து எதிரெதிரே வைக்கின்றார். பறவைகளை மட்டும் பிளந்திலர். பிளவுகளிடையே நடப்போன், சொல் தவறின் தனக்கும் அக்கதி நேர்க என்று தன்னையே சபித்துக்கொள்கின்றான் என்பது எரேமியா 34ஆம் அதிகாரத்தால் பெறப்படும். ஆயின் ஈண்டு அவ்வழியே சென்றவை புகையும் சூளையும் தீப்பந்தமுமே, ஆபிராம் நடந்திலர். கடப்பாடு முழுவதும் இறைவன் மேலதாயிற்று.

சீனாய் மலையடியில் நிகழ்ந்தது வேறு. மோசே குருதியின் பாதியைப் பலிபீடத்தின் மேலும் மறுபாதியை மக்கள் மேலும் தெளித்தார் (யாத். 24). இங்குக் குருதி அச்சுறுத்தும் அடையாளம் அன்று, இருசாராரையும் பிணிப்பது. உடலின் உயிர் குருதியில் உள்ளது என்னும் லேவியராகமக் கொள்கை (17:11) இதற்கு அரணாம். மத்தேயு, மாற்கு நூல்களில் இயேசு இறுதி இராவுணவில் கிண்ணத்தைக் குறித்துக் கூறியது இச்சீனாய் நிகழ்ச்சியை உட்கொண்டே என்பது எம் துணிபு. அங்குத் தெளிக்கப்பட்டது இங்குப் பருகப்படுகின்றது. குருதி உண்ணலை விலக்கிய சமயத்தில் இஃது எத்துணைப் பெரிய திருப்பம்!

சொல்லாராய்ச்சியாளர் நோக்கற்பாலது ஒன்று உண்டு. கிரேக்க 'டியாதேக்கே' உடன்படிக்கையையும் இறுதிமுறியையும் ஒருங்கே குறிக்கும். இறுதிமுறி, எழுதியவன் இறந்த பின்னரே செல்லும் என்று இவ்விருபொருளையும் பிணைத்தே எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரம் வாதிக்கின்றது. சீர்திருத்தச் சபையாரிடை வழங்கும் பழைய தமிழ் விவிலியம், ஏனையிடங்களில் 'உடன்படிக்கை' என்றதனை அவ்விடத்து 'மரணசாசனம்' என்றது. பொருள் தெளிந்தது, வாதத்தின் முடிச்சோ அவிழ்ந்துபோயிற்று. நூற்பெயரில் அதே சொல் 'ஏற்பாடு' என மூன்றாவது வடிவம் கொண்டது.